அப்பாயிக்குக் கல்லறையா, கருமாதியா, பெனரா: எட்டு முடிந்த பிறகு நாங்கள் பார்த்த கணக்கு

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்கள் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர், வைகாசியில் தவறினார். எட்டாம் நாள் சடங்கு முடிந்த அன்று ராத்திரி இஸ்தோப்பில் (திண்ணையில்) பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அத்தை, கொழும்பிலிருந்து வந்த தம்பி, நான். நடுவில் மொய் எழுதிய சீஆர் கொப்பி. மரண சகாயச் சங்கம் கொடுத்தது, லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வந்த மொய், தம்பி கையில் கொண்டுவந்தது எல்லாவற்றையும் கூட்டி, பெட்டிக்கும் தப்புக்காரர்களுக்கும் சாப்பாட்டுக்கும் போனதைக் கழித்தால் கொஞ்சம் மிச்சம் நின்றது. அதை வைத்து அப்பாயிக்கு என்ன செய்வது? பெரியப்பா கல்லறை என்றார். அத்தை பெரிய கருமாதி என்றார். தம்பி டவுனில் பெனரும் ஞாயிறு பேப்பரில் படமும் என்றான். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ராத்திரியும் அதற்குப் பிறகு பல நாளும் நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கை, இதே இடத்தில் நிற்கும் இன்னொரு வீட்டுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சாவு வீட்டில் எல்லாமே அவசரம். யார் சத்தம் பெரிதோ அவர் சொன்னது நடந்துவிடும். ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் கடனும் மனஸ்தாபமும்தான் மிஞ்சியிருக்கும்.

முதலில் காசு. தோட்டத்தில் நாங்கள் செலவை ரூபாயில் நினைப்பதில்லை, பேரில் நினைப்போம். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர். 2021 இல் ஒரு பேர் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350. அத்தைக்கு மாதத்தில் 20 பேர் விழுந்தால் அது நல்ல மாதம். அதனால் எந்த யோசனை வந்தாலும் “அது எத்தனை பேர்?” என்று கேட்டுக்கொண்டோம். துக்கத்தில் இருக்கும்போது இந்தக் கேள்வி வாயில் வராது, தெரியும். ஆனால் அப்பாயி 40 வருசத்துக்கு மேல் கூடை சுமந்து பேர் பேராகச் சேர்த்தவர். அவருக்காக வாங்கிய கடனை அவர் மகள் மலையில் நின்று பேர் பேராக அடைப்பதை அவர் ஒருநாளும் பொறுத்திருக்க மாட்டார்.

கல்லறை

பெரியப்பாவின் பேச்சில் பழைய காயம் ஒன்று இருந்தது. தாத்தாவை 1979 இல் இதே மயானத்தில்தான் புதைத்தார்கள். மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல், ஒரு சாமந்திச் செடி. இரண்டு மழைக்கு மேடு கரைந்தது, கல் உருண்டது, பிறகு அந்த ஓரம் முழுக்கச் சபுக்கு மரம் வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் குழியை யாராலும் காட்ட முடியாது. “அப்பன் எங்க கெடக்குறாருன்னு தெரியாம நாப்பது வருசமா வேலி ஓரத்துல நின்னு கும்புட்டுட்டு வர்றேன். ஆத்தாவயும் அப்படி விட மாட்டேன்” என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை, ஒரு பேரும் இல்லை. 200 வருச நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனங்கள் நடந்ததும் அவர்களை நினைத்துத்தான். அந்த வழியில் வந்த ஒருவர் “என் ஆத்தாவுக்கு ஒரு கல்லறை வேணும்” என்று கேட்டால், அதை ஆடம்பரம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் விசாரித்துப் பார்த்தபோது சில விஷயங்கள் தெரிந்தன. டைல்ஸ் ஒட்டி, தலைமாட்டில் கருங்கல் பலகை வைத்துக் கட்ட மேசன் பாஸ் சொன்ன விலை எங்கள் கணக்கில் 90 பேர். மிச்சக் காசு பாதிக்கும் போதாது. இரண்டாவது, மயானக் காணி நம்முடையதல்ல. தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் கம்பெனிகள் நடத்துகின்றன. சீமெந்து போட்டு நிரந்தரமாக ஒன்றைக் கட்டுவதென்றால் தோட்ட ஆபிஸில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சாக வாங்கிவிட்டு வரக்கூடாது. தோட்டத்தை நடத்தும் துரை மாறிப் போனால் பேச்சும் மாறும். கடிதமாக எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மண். தேயிலைக்கு உதவாத சரிவைத்தான் மயானத்துக்கு விட்டிருப்பார்கள். எங்கள் பக்கம், தலவாக்கலையை ஒட்டிய மலையில், தென்மேற்குப் பருவ மழை வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. புதுக் குழியின் மேல் பாரத்தை ஏற்றினால் மண் ஒரு பக்கமாக அமுங்கி, கட்டிடம் வெடித்துவிடும். முப்பதாம் நாளுக்குள் கட்டி முடித்து, அடுத்த வருசமே பிளந்து கிடக்கும் கல்லறைகளை எங்கள் மயானத்திலேயே பார்த்தேன். கட்டுகிறவர்கள் ஒரு மழைக்காலமாவது பொறுக்க வேண்டும். மேல்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சின்னக் கான் வெட்ட வேண்டும். தோட்டத்தில் ஒரு டிவிஷனுக்கு ஒரே மயானம் என்பதால் அகலமாகக் கட்டினால் பக்கத்துக் குழிக்கு இடமிருக்காது, அதையும் யோசிக்க வேண்டும்.

பெரியப்பாவிடம் நான் கேட்டேன்: “உங்களுக்கு வேண்டியது கட்டிடமா, இடம் தெரியிறதா?” அவர் யோசித்துவிட்டு, இடம் தெரிந்தால் போதும் என்றார். அப்படியானால் ஒற்றைக் கல் போதும். பேரும் வருசமும் வெட்டிய ஒரு கல், இரண்டடி மண்ணுக்குள்ளே, ஒன்றரையடி வெளியே. அது 12 பேருக்குள் முடியும்.

கல் என்று முடிவானதும் இன்னொரு சிக்கல் வந்தது. எந்தப் பேரை வெட்டுவது? வீட்டிலும் லயத்திலும் அப்பாயிக்கு ஒரு பேர். வேலைக்காரர் பேர் எழுதும் தோட்டப் பதிவான செக்ரோலில் வேறு பேர். அடையாள அட்டையில் அந்தச் செக்ரோல் பேரும் ஓர் எழுத்துப் பிசகி இருந்தது. மலையகத்தில் இது இல்லாத வீடு குறைவு. காதில் விழுந்ததை எழுதிக்கொண்டவர்களின் கையில்தான் நம் பேர்கள் இருந்தன. மரண அத்தாட்சிப் பத்திரத்திலும் அந்தப் பிசகு ஏற, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசுக்காக ஓர் எழுத்தைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு ஐந்து மாதம் நடந்தோம். ஒவ்வொரு நடைக்கும் யாரோ ஒருவருக்கு ஒரு நாள் வேலைப் பேர் போனது. அதனால் சொல்கிறேன், பெனருக்கும் பேப்பருக்கும் ஓடுவதற்கு முன்னால் அடையாள அட்டை, கலியாணப் பதிவு, ஈபிஎப் அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாவைப் பதிய ஒரே ஆளை அனுப்புங்கள், எழுத்துத் தெரிந்த ஆளை அனுப்புங்கள், எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நமக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியாது. துக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு மருமகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அனுப்புவது நல்லது.

கல்லில் இரண்டு பேரையும் வெட்டலாம் என்று முடிவு செய்தோம், லயத்துப் பேர் மேலே, பெரிதாக.

தகனம் பற்றியும் தம்பி கேட்டான். டவுனில் எரித்துச் சாம்பலை ஆற்றில் விட்டால் குழியைப் பற்றிய கவலையே இல்லை என்றான். எங்கள் வீட்டில் புதைப்பதுதான் வழக்கம், பெரியப்பாவின் காயத்தைப் பார்த்த பிறகு அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. வேதக்கார (கிறிஸ்தவ) வீடுகளுக்கு இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2 இருக்கிறது. அன்றைக்கு மயானம் முழுக்க மெழுகுவர்த்தி எரியும்போது போய் நிற்க ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

கல்லை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டிய வீடுகளும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உள்ளே போன எல்லோருடைய உடலும் கிடைக்கவில்லை. கொரோனாக் காலத்தில் 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை, நோயில் இறந்தவர்களை எந்த மதமானாலும் எரித்தே ஆக வேண்டும் என்றிருந்தது. பல வீடுகளில் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. குழி இல்லாத சாவு முடியாத சாவு போல மனதில் நிற்கும். அந்த வீடுகள் கோயில் வளவிலோ வீட்டு வாசலிலோ ஒரு கல்லை நட்டுப் பேரை வெட்டுவதைச் செலவு பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம் என்பேன்.

கருமாதி

அத்தை கேட்டது பதினாறாம் நாள் நாலு லயத்துக்கும் சோறு. “நாம சாப்புடாத சாவு வீடு இருக்கா இந்தத் தோட்டத்துல?” என்றார். அது ஞாயமான கேள்வி. நம் ஊரில் சாவு யாருக்கும் தனிச் சாவு இல்லை. செய்தி கேட்டதும் அடுப்பை விட்டு ஓடிவருகிறவர்கள், குழி வெட்டுகிறவர்கள், ராத்திரி முழுக்கத் தப்பு அடிக்கிறவர்கள், கோடி கொண்டுவருகிறவர்கள் இல்லாமல் ஒரு பெட்டி வாசலைத் தாண்டாது. அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு போடுவது கடமை.

ஆனால் கருமாதி வேறு, கருமாதி விருந்து வேறு. மகன்மார் தலை மழிப்பது, பண்டாரத்தை வைத்துச் செய்வது, அப்பாயிக்குப் பிடித்ததை வைத்துப் படைப்பது, தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டைத் திறப்பது எல்லாம் சேர்த்து 10 பேருக்குள் அடங்கும். ஆடும் பந்தலும் ஸ்பீக்கரும் கதிரை வாடகையும் சேரும்போதுதான் 80, 100 என்று போகிறது. ஒரு வீடு ஆடு வெட்டினால் அடுத்த வீடு அதற்குக் குறைந்து செய்யக் கூசுகிறது. அந்தக் கூச்சத்துக்கு வட்டிக்காரனிடம் நகை போகிறது.

நான் சோற்றுக்கு எதிராகப் பேசத்தான் வாயெடுத்தேன். அத்தை சொன்ன ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. அப்பாயி தவறிய ஐந்தாம் நாளே அவர் மலைக்குப் போய்விட்டார். போகாவிட்டால் பேர் இல்லை. பறிக்கும் முறை வந்த மலையில் கொழுந்தும் காத்திருக்காது. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நின்று பறித்திருக்கிறார். அம்மா நினைவு வந்தால் கண்ணைத் துடைக்கக்கூடக் கை சும்மா இல்லை. “நான் இன்னும் ஒக்காந்து அழுவலடா தம்பி. கருமாதி அன்னைக்குத்தான் எனக்குப் பொழுது” என்றார்.

கருமாதியின் பெறுமதி அதில் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அன்றைக்குப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, மாரோடு சாய்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அத்தை எடுத்த அடி இன்னும் காதில் இருக்கிறது (பெரட்டு என்பது விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடம்):

வெள்ளி முளைக்குமுன்னே பெரட்டுக்குப் போன அம்மா
வெள்ளைக் கோடி போத்தி எந்த மலைக்குப் போறீக

அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவர், அப்பாயி கலியாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள், முதல் பிள்ளை பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) காய்ச்சலில் போன நாள் எல்லாவற்றையும் பாட்டிலேயே சொன்னார். அப்படி ஒரு பிள்ளை இருந்தது அப்பாவுக்கே தெரியாது. மாசியில் காமன் கூத்தில் ரதி புலம்புவதை வருசா வருசம் கேட்டு வளர்ந்த பெண்கள் அவர்கள். ஒரு உயிரின் கதையை அழுதுகொண்டே கோர்க்கத் தெரிந்தவர்கள். இப்போது சில சாவு வீடுகளில் ஒப்பாரிக்குப் பதிலாக ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறார்கள். அதை நான் நஷ்டமாகவே பார்க்கிறேன்.

ஆகவே, கருமாதியைச் சுருக்கலாம், பெண்கள் உட்கார்ந்து அழும் பொழுதைச் சுருக்கக் கூடாது. நாங்கள் ஆடு வெட்டவில்லை. சோறு, பருப்பு, கிழங்குப் பிரட்டல், கருவாடு. வீட்டுக்கு ஒரு கிலோ அரிசி என்று லயத்தார் தாங்களே கொண்டுவந்தார்கள்.

பெனரும் பேப்பரும்

இதில் அதிகம் சொல்ல இல்லை. மரண அறிவித்தல் சேதி சொல்வதற்கு. ஒரு காலத்தில் ரேடியோ மரண அறிவித்தலைக் கேட்டுத்தான் பண்டாரவளையிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் சொந்தம் பஸ் ஏறியது. இப்போது அந்த வேலையை வட்ஸ்அப் பத்து நிமிடத்தில் செய்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் கட்டிய பெனர் மழையிலும் வெயிலிலும் ஒரு மாதம் தாங்காது, கிழிந்த பிறகு அந்த முகம் கானில் கிடப்பதைப் பார்க்க வேண்டிவரும். தம்பிக்கு அது வேண்டியிருந்த காரணம் வேறு: கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்கவில்லை என்ற வேதனை. அவன் காசை வேறு ஒன்றுக்குக் கேட்டேன். அப்பாயிக்கு இருந்த ஒரே நல்ல படம் அடையாள அட்டைப் படம். அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நாலு பிள்ளைகள் வீட்டுக்கும் கொடுத்தான்.

பேரில் தர்மம் செய்வதையும் பேசினோம். பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம், பிள்ளைக் காம்பராவுக்குப் பாய், பெரட்டுக் களத்தில் ஒரு வாங்கு. எல்லாம் நல்லது. வாத்தியாராக இருந்தவருக்குப் புத்தகம் பொருந்தும், அப்பாயிக்கு எது பொருந்தும் என்று தெரியாததால் தலைதிவசத்துக்குத் தள்ளி வைத்தோம். தர்மத்துக்கு அவசரம் இல்லை, ஒரு வருசம் கழித்துக் கொடுத்தாலும் அது தர்மம்தான்.

குரலும் கதையும்

நான் கடைசியாகச் சொன்னது இது. அப்பாயியின் கதையை எழுதி வைப்போம், தெரிந்தவர்களின் குரலில் பிடித்து வைப்போம் என்றேன். சித்தப்பா, “கொழுந்து எடுத்த பொம்பளைக்கு என்னத்த புத்தகம்?” என்று கேட்டார். அவர் இழிவாகக் கேட்கவில்லை. யாழ்ப்பாணப் பக்கம் 31ஆம் நாளுக்கு வாழ்க்கை வரலாறும் பாட்டும் அச்சடித்துக் கல்வெட்டு என்று கொடுப்பார்கள். நம் பக்கம் நினைவு மலர் என்றால் அது அதிபருக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கும் வருவது. கூடை சுமந்தவருக்கு யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

அவருக்கு நான் சொன்ன பதில்: முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் 1940 ஜனவரி 10 அன்று சுடப்பட்டார் என்று நமக்கு எப்படித் தெரியும்? டெவன் தோட்டத்தில் 1977 மே 11 அன்று சிவனு லெட்சுமணன் சுடப்பட்டது எப்படித் தெரியும்? வருசா வருசம் கூடி, நாளையும் பேரையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள், அதனால் தெரியும். டெவனில் துப்பாக்கிச் சூடு நடந்த அன்று அப்பாயி பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். தோட்டக் காணியைப் பிரிப்பதற்கு எதிராகச் சனம் திரண்டதை அவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அதை நாங்கள் பாதிக் காதோடு கேட்டிருந்தோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டேன். அப்பாயியோடு ஒரே நிரையில் நின்ற நாலு பாட்டிமார், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், பண்டாரம். பிறகு தமிழ்நாட்டுக் கூடலூருக்குக் கோல் எடுத்தோம். அங்கே அப்பாயியின் தங்கை இருக்கிறார், எங்களுக்குச் சின்ன அப்பாயி. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று எழுதியபோது அக்கா இங்கேயும் தங்கை அங்கேயும் விழுந்தார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று சனம் சொன்ன அந்த ரயிலில் ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் பிடித்து, நீலகிரியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்துக்கே போனவர். அக்கா செத்ததற்கு வர முடியாதவர். அவர் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். முசிறிப் பக்கம் எந்த ஊர், எந்தக் குலசாமி, அக்காவைச் சின்ன வயதில் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் எல்லாம் அவரிடம்தான் இருந்தது. அந்த மூன்றாவது பேர் எங்கள் யாருக்கும் தெரியாது.

செலவு என்று பார்த்தால் டைப் அடிக்கவும் 12 பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கட்டவும் 6 பேர் போனது. செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று சொல்வேன். முப்பதாம் நாளுக்குள் தொடங்குங்கள், அதற்குப் பிறகு ஆட்கள் பேசக் கூசுகிறார்கள். “அவங்க எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் “நல்லவங்க” என்பதோடு முடிந்துவிடும். “கூடையில என்ன சாப்பாடு கட்டிட்டு வருவாங்க, யாரோட சண்ட, எதுக்குச் சிரிப்பாங்க” என்று கேளுங்கள். இன்னொன்று, இறந்தவரின் போனை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அப்பாயி தம்பிக்கு அனுப்பிய குரல் மெசேஜ் 31 இருந்தன. போன் விழுந்து உடைந்தால் அதோடு போயிருக்கும். இப்போது மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம்.

எனக்குக் கையில் காசு குறைவு என்றால், குரலும் கதையும் முதலில், ஒற்றைக் கல் அடுத்தது, சின்னக் கருமாதி கட்டாயம். கல்லறையைக் காசும் கடிதமும் இருப்பவர்கள் பொறுத்துக் கட்டலாம். பெனரை விடலாம். பெரியப்பா இதை முழுக்க ஏற்கவில்லை. அவருக்குக் கல்தான் முதல்.

தீபாவளிக்கு முதல் நாள் படையல் வைத்தோம். சேலை ஒன்று, ரொட்டியும் கட்டச் சம்பலும், வெற்றிலை, சாயத்தண்ணி. சாம்பிராணி போட்ட பிறகு அத்தை போனை எடுத்து, அப்பாயி தம்பியிடம் “ஊட்டுக்கு எப்ப வருவ, மழ விட்டுருச்சு” என்று கேட்கும் குரலைப் போட்டார். பெரியப்பா எழும்பி வாசலுக்குப் போய்விட்டார். கொஞ்சம் கழித்து உள்ளே வந்து, இன்னொரு தரம் போடச் சொன்னார்.

கல் இன்னும் நடவில்லை. மேடு அமுங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் இறுக வேண்டும். தை பிறந்து மழை விட்ட பிறகு மேசன் பாஸ் வருகிறார். ஆபிஸ் கடிதம் கையில் இருக்கிறது. கல்லில் வெட்ட வேண்டியதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி பெரியப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். சின்ன அப்பாயி சொன்ன பேரையும் சேர்த்து இப்போது மூன்று பேர். கல்லின் அகலம் போதுமா என்று அவர் அடிமட்டம் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.